பெட்டருக்கு ரெண்டு, பெஸ்ட்டுக்கு மூணு

"இது பெட்டரா? இதுவா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு வில்லையை உருவி இன்னொன்றைச் செருகுகிறார். மூக்கை அழுத்தும் சோதனைக் கண்ணாடிக்குள் என் வலது கண் திருதிருவென்று விழிக்கிறது. வம்பு எதற்கு என்று, "ரெண்டுமே பெஸ்ட்" என்றேன். அவர் கை நின்றுவிட்டது.

"ரெண்டுல ஏது சார் பெஸ்ட்டு? ரெண்டு இருந்தா ஒண்ணு பெட்டர், அவ்ளோதான். மூணாவது வந்தாத்தான் பெஸ்ட்டு."

கடையில் அவருக்கு டெஸ்ட் அக்கா என்று பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்புறம், அலமாரிகளுக்கும் குளியலறைக்கும் நடுவே நீளமாக ஓர் இருட்டறை. அதுதான் அவருடைய ராஜ்ஜியம். எதிர்ச்சுவரில் விளக்குப் பெட்டி. அதில் மேல் வரியில் முறம் அளவுக்கு ஓர் எண், கடைசி வரியில் எறும்பு ஊர்வதுபோல் எட்டு எண்கள். அக்காவுக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. விரல் படாமல் வில்லையை விளிம்பில் பிடித்துப் பிடித்து, வீட்டில் சாப்பாட்டுத் தட்டையும் அப்படியே பிடிக்கிறாராம்.

அவரிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பரீட்சைக்கு வந்தவர்கள் மாதிரி நடுங்குகிறார்கள். எந்த வில்லையைப் போட்டாலும் "பெஸ்ட்டுக்கா, சூப்பர்க்கா" என்று தலையாட்டுகிறார்கள். "எனக்கு மார்க் போடாதீங்க, உங்க கண்ணு என்ன சொல்லுதோ அதைச் சொல்லுங்க" என்பார். கோபம்தான், ஆனால் அடுத்த வில்லையைத் துடைக்கும்போதே அது போய்விடும்.

முன்கடையில் முதலாளி நேர்மாறு. கை வைக்கிற ஃபிரேமெல்லாம் அவருக்குப் பெஸ்ட் பீஸ். ஒரே அம்மாளுக்கு ஒரே மூச்சில் ஏழு பெஸ்ட் பீஸ்களை அவர் மாட்டிவிட்டதை நானே பார்த்தேன். "ஏன் சார், நம்ம கடையில ரெண்டாவது இடமே கிடையாதா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. முதலாளி காது கேளாதவர்போல் எட்டாவதை எடுத்தார்.

அக்காவின் வீட்டிலும் இந்தச் சட்டம் செல்லும். சண்டையின் நடுவே கணவர், "வாயத் திறக்காம இருக்கறதே பெஸ்ட்டு" என்று எழுந்து போனால், "பேசறது, பேசாம இருக்கறது, ரெண்டுதானே? அது பெட்டரு" என்று பின்னாலேயே போய்த் திருத்துவாராம். சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். அந்த மனிதரை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.

சோதனை முடிந்ததும் ஓர் அட்டை எழுதுகிறார். அதன் கடைசிக் கட்டத்தின் தலைப்பும் பெஸ்ட்தான். எத்தனை வில்லை மாற்றினாலும் பார்வை இனி ஒரு வரிகூடக் கீழே இறங்காது என்கிற இடம் அது. "அது பாராட்டு இல்ல சார். அதோட முடிஞ்சுதுன்னு அர்த்தம்." நாமெல்லாம் மாலையாகப் போடுகிற சொல்லை இவர் வேலியாகப் போட்டு வைத்திருக்கிறார்.

என் கண்ணாடி தயாராகும்வரை இருட்டறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். அப்போது அவருடைய அண்ணன் வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். லைசென்ஸைப் புதுப்பிக்கக் கண் அட்டை வேண்டும். தங்கை எழுதியதை நம்பி, மாலையில் வரும் டாக்டர் கையெழுத்துப் போடுவார். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார், இடது கண்ணைப் பொத்திக்கொண்டார், கடைசி வரியைக் கடகடவென்று ஒப்பித்தார். எட்டு எண்ணும் சரி.

"அண்ணா, நான் இன்னும் லைட்டே போடல."

முதலாளி சிரித்தார், நானும் சிரித்தேன். அண்ணனும் சிரித்துப் பார்த்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியில் வேறு எண் பலகையை மாற்றி விளக்கைப் போட்டார்.

"இது பெட்டரா? இதுவா?"

"இது."

"இப்ப?"

"ரெண்டும் ஒண்ணுதான் பாப்பா."

பதினோரு வில்லைகள் மாற்றியதை எண்ணினேன். எனக்கு ஐந்தோடு முடித்தவர். வலது கண் மூன்றாவது வரியிலேயே நின்றது. வேன் ஓட்ட இரண்டு கண்ணும் ஆறாவது வரிக்கு இறங்க வேண்டும். கண் நரம்பு தளர்ந்துவிட்டது, இனி மருந்தில்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள். அதை அண்ணன் அப்போதுதான் மெல்ல வெளியே விட்டார்.

"ஆறுன்னு எழுதிடேன் பாப்பா. இருபத்தாறு வருஷமா ஒரு கீறல் கிடையாது. பெஸ்ட் டிரைவர்னு ஸ்கூல்ல மேடையேத்திக் கப்பு குடுத்திருக்காங்க. உனக்கே தெரியும்."

"தெரியும்ணா. அந்த பெஸ்ட்டு வேற, இது வேற."

"இந்த வேலைய விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?"

அக்கா பேனாவை எடுத்தார், பெஸ்ட் கட்டத்தில் மூன்று என்று எழுதினார். அந்த ஓர் எண்ணை எழுத அவருக்கு அத்தனை நேரம் பிடித்தது. எழுதிய அந்தக் கையையே அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி விடு, டீ குடிச்சிட்டு வரலாம் வா" என்றார்.

இருவரும் கடை வாசலில் இறங்கினார்கள். சாலையில் நல்ல கூட்டம். அண்ணன் பழக்கதோஷத்தில் தங்கையைச் சுவரோரமாக ஒதுக்கி நடத்தப் பார்த்தார். அக்கா அண்ணனின் பின்னால் சுற்றி, வண்டிகள் போகிற பக்கம் வந்து, அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டார்.