நானே எடுத்துக் கொடுத்த பதில்கள்

மாமல்லபுரத்திலிருந்து அணுபுரம் போகும் சாலையில் எங்கள் வீடு. மனைவி குளியலறையில் இரண்டாம் முறை விழுந்த பிறகு கேமராக்கள் பொருத்தினேன். எனக்குச் செங்கல்பட்டில் செய்தியாளர் வேலை. மதியம் ஒருமுறை கைபேசியில் பார்ப்பேன். கூடத்து நாற்காலியில் அவள் உட்கார்ந்திருப்பது தெரிந்தால்தான் எழுத்து ஓடும்.

ஒரு ஞாயிறு காலை நீலச் சட்டையில் இருவர் வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை. கேட்டில் கேமரா பொருத்திய கம்பெனி ஒட்டியிருந்த ஸ்டிக்கரை ஒருமுறை பார்த்துவிட்டு, “கேமரா விஷயமா வந்தோம் சார்” என்றார்கள்.

தகவலை நானே சொல்லி, எதிரில் இருப்பவரிடம் ஒரு ‘ஆமாம்’ வாங்கியே பல ஆண்டுகள் செய்தி எழுதியவன் நான். ஸ்டிக்கரில் இருந்த பெயரைச் சொல்லி, “அங்கேருந்துதானே?” என்றேன்.

“ஆமா சார்.”

“படம் விட்டு விட்டு வருதுன்னு போன மாசம் கம்ப்ளெய்ன்ட் குடுத்தேன். அதுக்கா?”

“அதுக்குத்தான் சார்.”

“ரெக்கார்டரை மாத்தணும்னாங்க.”

“கரெக்டா சொல்றீங்க. பழைய பொட்டி இந்த மாசத்தோட காலி.”

நாற்காலியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். “இன்னாங்க, எல்லாத்தையும் நீங்களே சொல்லிகினு கீறீங்க? அவுங்க வாயத் தொறந்து இன்னா சொன்னாங்க?”

“அம்மா செம உஷாரு சார்” என்று ஒருவன் சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டே அவன் நீட்டிய திரையில் விரலால் கையெழுத்துப் போட்டேன். புதிய பெட்டியை மாட்டிவிட்டு, பழையதை எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் போனில் படம் வந்துவிடும் என்றார்கள்.

மறுநாள் மதியம் திரை கறுப்பாகவே இருந்தது. மனைவி போனை எடுக்கவில்லை. ஸ்டிக்கரில் இருந்த கம்பெனியை அழைத்தேன். “நாங்க யாரையும் அனுப்பலையே சார்” என்றார்கள்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் நின்றபடியே வந்து சேர்ந்தேன். அவள் நாற்காலியில் இருந்தாள். போன் உள்ளறையில் சார்ஜில் இருந்தது.

“விழுந்து கெடக்கறேன்னு நெனச்சிகினீங்களா?”

திரையில் நான் கையெழுத்துப் போட்டது வேறொரு கம்பெனியின் ஒப்பந்தம்; கைபேசிக்கு வந்திருந்த அதன் நகலில் இருந்த எண்ணை அழைத்து ரத்து செய்யச் சொன்னேன். மூன்று வருட ஒப்பந்தம், ரத்து கிடையாது என்றார் அங்கே பேசிய பெண். ஏமாற்றிவிட்டார்கள் என்றேன்.

“பழைய கம்பெனிலேருந்து வர்றோம்னு எங்க ஆளுங்க சொன்னாங்களா சார்?”

யோசித்துப் பார்த்தேன். சொன்னது நான்தான்.

காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ‘அவர்கள் சொன்னார்கள்’ என்று வந்த இடத்திலெல்லாம் ‘நான் சொன்னேன்’ என்று மாற்றி, அதையும் மூன்று முறை திருத்தி எழுத வேண்டியிருந்தது. திரை இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. கேட்டருகே யார் வந்து நின்றாலும் இப்போது அவள்தான் பேசுகிறாள். செங்கல்பட்டிலிருந்து மணிக்கு ஒருமுறை அழைக்கிறேன்.

“கீறேன், கீறேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள்.