மகளின் அர்ச்சனைக்கு என் பெயரைச் சொன்னேன்

1998 ஜூலை 7, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தே கால் மணி. வெள்ளவத்தையில் கடல் பக்கமிருந்து காற்று, விட்டு விட்டுத் தூறல். காலி வீதியில், காசு கொடுத்து வெளிநாட்டுக்குத் தொலைபேசியில் பேசும் ஒரு கொமியூனிகேஷன் கடையின் கண்ணாடிக் கூண்டுக்குள் ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன். வியன்னா நகரிலிருந்து ஒரு பெண் ஆங்கிலத்தில் சொன்னாள்: "மன்னிக்கவும். எங்கள் விடுதியில் மிஸ் வாசுகி என்று யாரும் இல்லை."

அடியார்களே, வாசுகி என் ஒரே மகள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். வியன்னாவில் ஆறு வாரக் கோடைக்கால ஜெர்மன் வகுப்புக்கு உதவிப்பணம் கிடைத்து, வெள்ளி இரவு விமானம் ஏறியவள். போய்ச் சேர்ந்ததும் பேசுவதாக ஏற்பாடு. எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. கீழ் வீட்டு நம்பரைக் கொடுத்திருந்தோம். அவர்களோ கலியாணம் ஒன்றுக்காகக் கண்டிக்குப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, அவர்களின் பூட்டிய கதவுக்குப் பின்னால் தொலைபேசி மணி அடித்தது. நானும் மனைவியும் படியில் நின்று அது ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம். மகளா? மகளைப் பற்றிச் சொல்ல வேறு யாருமா?

அந்தப் பெண்ணுக்குப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். மிஸ் எஸ். வாசுகி. அவள் பட்டியலை மறுபடி பார்த்தாள். இல்லை.

பிள்ளை வீடு வந்து சேராவிட்டால் என்ன அர்த்தம் என்பது அந்த வருடங்களில் கொழும்பில் இருந்த நம்மவர்களுக்குத் தெரியும். விமான நிலையம் வரை ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அடையாள அட்டையை நீட்டி, பத்திரமாக அனுப்பிவைத்தேன். சண்டை இல்லாத ஊரில் தொலைத்துவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

நேரே பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். மனைவி பரமேஸ்வரி அங்கேதான் இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் போய் ஓர் அர்ச்சனைத் தட்டு வாங்கிவந்தாள். நேர்த்தி வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. "பிள்ளையாரே, அவளின் குரலை ஒருதரம் கேட்கப் பண்ணு" என்று மட்டும் வேண்டினேன். அழுதேன்.

ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்கினார். "ஆற்ற பேருக்கு ஐயா? நட்சத்திரம்?"

"சிவகுருநாதன். ரோகிணி."

பரமேஸ்வரி என் கையில் இடித்தாள். "என்னப்பா, பிள்ளைக்கு அர்ச்சனை செய்ய வந்து உங்கட பேரைச் சொல்லுறியள்! ரோகிணி அவளின்ர நட்சத்திரமெல்லோ? நீங்கள் எப்ப ரோகிணியில பிறந்தனீங்கள்?"

ஐயர் சிரித்துவிட்டார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் பெயர், மகளின் நட்சத்திரம். அவளின் பாஸ்போட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இருப்பதும் என் பெயர்தானே! நாம் தகப்பன் பெயரை ஒரு முதலெழுத்தாக்கிவிட்டுப் பிள்ளையைப் பிள்ளையின் பெயரால் அழைக்கிறோம். வெள்ளைக்காரன் அப்படி எழுதமாட்டான்.

தீபாராதனை முடிந்ததும் இருவரும் மழையில் அந்தக் கொமியூனிகேஷன் கடைக்கு ஓடினோம்.

"மிஸ் சிவகுருநாதன் இருக்கிறாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"ஓ, இருக்கிறாரே!" என்றாள் அதே பெண்.

சற்று நேரத்தில் குரல் வந்தது. "ஹலோ, அப்பாவோ? கீழ் வீட்டுக்கு அடிச்சு அடிச்சுக் களைச்சுப் போனன். ஒருத்தரும் எடுக்கேல்லை. உங்களுக்கு என்னவோ எண்டு நான் இஞ்ச அழுதுகொண்டிருக்கிறன்!"

"வாசுகி எண்டு ஒருத்தரும் இல்லையெண்டெல்லோ சொன்னவை, பிள்ளை?"

"இஞ்ச வாசுகியை ஆருக்குத் தெரியும்? நான் மிஸ் சிவகுருநாதன். உங்கட பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள வாத்தியாருக்கு மூச்சு வாங்குது!"

பரமேஸ்வரி ரிசீவரைப் பறித்தாள். "என்ன பிள்ளை சாப்பிட்டனி?"

"உருளைக்கிழங்கு அம்மா. நேற்றும் உருளைக்கிழங்கு. நாளைக்கும் அதுதானாம்."

அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் நாங்கள் இருவரும் அழுதுகொண்டே சிரித்தோம். வெளியே வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

என் நாக்கைத் தவறச் செய்தவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதன்பின் பதற்றம் என்னை விட்டுவிட்டது என்று சொன்னால் என் மனைவியே நம்பமாட்டாள். ஆனால் இப்போது பதறினால் முதலில் கோயிலுக்குப் போகிறேன். நீங்களும் போங்கள். என்ன கேட்பதென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, போய் நில்லுங்கள். வாயில் வருவதை அவர் பார்த்துக்கொள்வார்.

மறுநாள் காலை சந்நிதியில் நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தேன். தொலைபேசி இரண்டு தரம், அர்ச்சனை, தேங்காய் எல்லாம் சேர்த்து எனக்குச் செலவானது இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபத்தாறு ரூபாய்.