கேட்கத் தேவையில்லாத ஒரு பத்திரம்

1. பூட்டிய வீடு

மஹய்யாவவில் மரகதம் அக்காவின் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. அக்கா நாவலப்பிட்டியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த பைலைப் பார்த்தாள். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து கருவாடு பொரியும் வாசம் வந்துகொண்டிருந்தது.

அப்போது நான் கண்டியில் ஒரு சின்னக் கணக்குக் கந்தோரில் கிளார்க். மற்றவர்களுக்காக வரிக் கந்தோருக்கு எழுதுவது எங்கள் பிழைப்பு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் சட்டத்தைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். இது புத்தகத்தில் இல்லை.

அக்கா ஆஸ்பத்திரியில் எட்டென்டனாக, வார்டு எடுபிடி வேலைக்கு, இருந்து பென்ஷன் எடுத்தவர். பிறகு ஒரு கெஸ்ட் ஹவுஸில் அரைநாள் வேலைக்குப் போனார், கட்டில் விரிப்புகள் துவைக்க. அங்கே சம்பளம் போட்டவர்கள் இதை அவருடைய இரண்டாவது உத்தியோகம் என்று பதிந்துவிட்டார்கள். இரண்டாவது உத்தியோகத்துக்கு வரிவிலக்குத் தொகை கிடையாது, முதல் ரூபாயிலேயே வெட்டு. பென்ஷனையும் சம்பளத்தையும் கூட்டினாலும் வரி கட்டும் எல்லையை எட்டாத மனிசி, மாதம் தவறாமல் வரி கட்டிக்கொண்டிருந்தார். கட்டியது முழுக்க அவருடைய காசு. கேட்டால் திருப்பித் தருவார்கள்.

அந்தக் காசு அவருக்கு அவசரம். இடது கண்ணில் புரை. ஒப்பரேஷன் இலவசம், உள்ளே வைக்கும் லென்ஸை மட்டும் வெளியில் வாங்கிக் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் அனுப்பினோம். பதில் வந்தது: விண்ணப்பதாரி நேரில் வரவும். அதைச் சொல்ல நான் ஓர் ஆளை அனுப்பிய அன்றிலிருந்து அக்கா வேலைக்குப் போகவில்லை. கதவிலே பூட்டு.

2. கருவாட்டு வாசம்

பின்பக்கமாகப் போய் என் பேரைச் சொன்னேன். பொரியும் சத்தம் நின்றது. பிறகு கதவு ஒரு விரல் அளவு திறந்தது.

"யாரு கூட வந்திருக்கீங்க தம்பி?"

தனியாகத்தான் என்றேன். என் தோளுக்கு மேலால் பாதையைப் பார்த்தார், நல்ல கண்ணால். அதற்குப் பிறகுதான் உள்ளே விட்டார்.

நான் கட்டுகஸ்தோட்டைக்காரன். எங்கள் வாப்பாவுக்குத் துணிக்கடை. எந்த நாடு என்று எங்கள் வீட்டில் எவரும் வந்து கேட்டதில்லை. ஆகவே அக்கா சொன்னதை முதலில் நான் ஒரு கிழவியின் பிதற்றல் போலக் கேட்டேன். போகப் போகக் கையிலிருந்த பைலை மூடிக் கீழே வைத்தேன்.

மடுல்கெல்லைத் தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டில் பிறந்த அண்ணனும் தங்கையும்; அந்தத் தங்கைதான் அக்கா. இருவருமே இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்குத்தான் எழுதிப் போட்டார்கள். தங்கைக்குக் கிடைத்தது. அண்ணனுக்கு மறுத்து, இந்தியாவுக்குப் பதிந்தார்கள்.

"மொதல்ல கடதாசி கேட்டாங்க. அப்புறம் படம் புடிச்சிட்டு வரச் சொன்னாங்க. அப்புறம் நேர்ல வான்னு கூப்ட்டு, தோட்டத்துல வேல செஞ்சதுக்கு சேமலாபக் காசக் கையில குடுத்தாங்க. எங்க அண்ணன் சிரிச்சுக்கிட்டே எண்ணுச்சு. காசு குடுத்தாங்கன்னா அடுத்தது இந்தியாக் கப்பலுக்குத் தலைமன்னார் ரயில்தான் தம்பி. அதுக்கப்புறம் அண்ணன நான் பாக்கவே இல்ல."

நாங்கள் அவரிடம் என்ன கேட்டிருந்தோம்? அடையாள அட்டைக் கொப்பி. ஒரு படம். அதோடு, பிரஜாவுரிமைப் பத்திரத்தின் கொப்பி. எல்லாம் தந்தால் அரசாங்கம் காசு தரும் என்று நான்தான் சொன்னேன், சிரித்த முகத்தோடு. இப்போது நேரில் வா என்ற கடிதத்தோடு வந்து நிற்கிறேன்.

"எனக்குக் காசு வேணாம். வெட்டுனத அவங்களே வச்சிக்கட்டும். ஒரு கண்ணு போதும் எனக்கு."

3. சேருடைய பழக்கம்

பிரஜாவுரிமைப் பத்திரத்தை வரிக் கந்தோர் கேட்கவில்லை. கேட்டது கந்தோரை நடத்தும் எங்கள் சேர். யாழ்ப்பாணத்து மனிதர், கணக்கில் ஒரு சதம் பிசகாதவர். மலையகத்து ஆட்கள் யார் வந்தாலும் அந்தப் பத்திரத்தின் கொப்பி இரண்டு எடுப்பார். ஒன்று விண்ணப்பத்தோடு போகும், மற்றது எங்கள் அலுமாரியில் இருக்கும். கேட்ட பிறகு ஓடித் திரிவதைவிட முதலிலேயே கொடுத்துவிடுவது நல்லது என்பது அவருடைய கொள்கை.

திரும்பிப் போய் அக்காவின் கதையைச் சொன்னேன். சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நேரில கூப்பிட்டிருக்கிறாங்கள் எண்டால் விசாரணையாயும் இருக்கும். எனக்கும் தெரியேல்லை."

அவருக்குத் தெரியாத ஒன்று இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. பெரஹெரத் திருவிழாக் கூட்டத்தில் கை நழுவிய பிள்ளை மாதிரி ஆகிப்போனேன். அக்காவுடைய பயம் கருவாட்டுப் புகை போல என் சட்டையில் ஏறி, கழுவக் கழுவப் போகவில்லை. அரசாங்க முத்திரை போட்ட கடித உறை ஒவ்வொன்றையும் அந்த வாரம் நான் ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்கினேன்.

மறுபடி மஹய்யாவ போனேன். பயப்படாதீங்க என்று சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னேன். நீங்கள் போகாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகும், ஆனால் உங்கள் பத்திரக் கொப்பி அவர்களுடைய பைலுக்குள்ளேயே கிடக்கும்.

அக்கா போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"அப்ப அத வாங்கிட்டு வரணும்" என்றார்.

காசைப் பற்றி ஒரு சொல் இல்லை.

4. வாங்கில் இருந்த நேரம்

வரிக் கந்தோர் வராந்தாவில், ஆட்கள் உட்காரும் மர வாங்கின் நுனியில் அக்கா இருந்தார். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, அரிசி எந்தப் பானையில் என்றும் சொல்லிவிட்டு வந்திருந்தார். மடியிலிருந்த பையில் மாற்றுச் சேலை ஒன்று. அதைக் கண்டதும் விளங்கியது. இந்த மனிசி திரும்பிப் போகிற நினைப்போடு வரவில்லை.

பேரைக் கூப்பிட்டார்கள். எழும்பும்போது என் கையைப் பிடித்தார். துவைத்துத் துவைத்து மரத்த அந்தக் கை மேசை வரைக்கும் விடவில்லை.

மேசைக்குப் பின்னால் ஒரு சிங்கள அம்மா. விண்ணப்பத்தில் இரண்டு இடத்தில் கையெழுத்து, ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றார் சிங்களத்தில். உண்மைதான். முதலாவதை அக்கா நிதானமாக வைத்தார். இரண்டாவது, பத்திரக் கொப்பியை நான் கேட்டு வாங்கிய பிறகு வைத்தது. அது நெளிந்து ஓடியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். தன் கண் முன்னால் இன்னொரு தரம் வைக்கச் சொன்னார்.

அக்கா வைத்தார். பிறகு அந்த அம்மா பைலைப் புரட்டி, பிரஜாவுரிமைப் பத்திரத்தின் கொப்பியை உருவி எடுத்து, நீட்டினார்.

"மேக்க ஓன நே, அம்மே."

இது தேவையில்லை, அம்மா. அவ்வளவு இலேசாகச் சொன்னார். யார் இதைக் கொடுக்கச் சொன்னது என்றும் கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன். அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தாளை நாலாய் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

வெளியே வந்து, வெயில் படிந்த படியில் உட்கார்ந்து இருமினார். அழுகைதான் இருமலாக வந்தது.

"இன்னொண்ணு உங்க கிட்ட இருக்குல்ல தம்பி?"

5. அலுமாரி

நேரே கந்தோருக்கு நடந்தோம். சேர் பார்த்துக்கொண்டிருக்க அலுமாரியைத் திறந்து மற்றக் கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். அவர் தடுக்கவில்லை. கதிரையை விட்டு எழும்பி நின்றார், அக்கா போகும்வரைக்கும்.

பிறகு நான் மற்றப் பைல்களையும் திறந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு பத்திரம், ஒரு படம். தோட்டத்துக் கண்கள், ஸ்டூடியோ வெளிச்சத்தில் திகைத்த கண்கள். இத்தனை வருடமாக எங்கள் சுவரோடு சாய்ந்து நின்ற அலுமாரிக்குள் இத்தனை பேர் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

"இந்த ஆக்களைப் பயப்படுத்தவே இதுகளை வாங்கினனான்?" என்றார் சேர், என்னிடம் இல்லை, ஜன்னலிடம். "ஒரு கடதாசி குறைஞ்சதுக்கு நான் இருந்த இடம் உமக்குத் தெரியாது."

எங்கே என்று நான் கேட்கவில்லை. யுத்தம் நடந்த அந்த வருடங்களில் அவருடைய ஊர்ப் பெயர் அடையாள அட்டையில் இருந்தவர் எந்தத் தடுப்புக்காவலில் இருந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். இல்லாத கடதாசிக்குப் பயந்தவர் அவர். இருக்கிற கடதாசிக்குப் பயந்தவர் அக்கா.

மற்றக் கொப்பிகளைச் சேர் தபாலில் அனுப்ப நினைத்தார். நான் வேண்டாம் என்றேன். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதிப்பேர் கதவைப் பாதிதான் திறந்தார்கள்.

அக்காவின் காசோலை வந்தது, கண்ணும் சரியாகியது. அடுத்த வருடம் கெஸ்ட் ஹவுஸ் கொடுத்த வரிச் சான்றிதழோடு தானாகவே வந்தார். உள்ளே வரவில்லை. கதவருகில் நின்று, இது மட்டும்தானே என்று கேட்டார். இது மட்டும்தான் என்றேன். இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் வந்து உட்கார்ந்தார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். ஒருவரிடம் ஒரு கடதாசியைக் கேட்கும்போது, அது எதற்கு என்பதை அவர் கேட்காமலே சொல்லுங்கள். உங்களுக்கே சொல்லத் தெரியாவிட்டால், அதைக் கேட்காதீர்கள்.