பன்னிரண்டரை மில்லிமீட்டர்

மத்தியானம் இரண்டு மணிக்குக் கடலூர் முதுநகரில் என் நண்பனுக்குப் பில்லியர்ட்ஸ் ஆட்டம். காலை ஒன்பதுக்குச் சிதம்பரத்தில் என் வாடகை அறையில், அவன் பந்தடிக்கும் குச்சியின் மேல்பாதியை டிரில் மெஷினில் மாட்டியிருந்தேன். அவன் பரங்கிப்பேட்டைக்காரன், கல்லூரியில் என் பக்கத்துப் பெஞ்சு. குச்சி அவன் அண்ணன் துபாயிலிருந்து அனுப்பியது. நுனி பதின்மூன்று மில்லிமீட்டர். குச்சியை ஓட்ட விரலை மடக்கிப் பிடிக்கும் வளையத்துக்குள் தடிமனாக இருக்கிறது, அரை மில்லி குறைந்தால் போதும் என்று அவன் புலம்பியதும், "நான் பண்றேன்" என்று முந்திக்கொண்டது நான்தான். பத்து வீடியோ பார்த்திருந்தேன். அதற்கு முன் ஒரு குச்சியையும் தேய்த்ததில்லை.

"வேற குச்சி கெடையாது மச்சான், ஞாபகம் வச்சிக்க," என்றான்.

"கிளாஸ் எடுக்காதடா. ட்ரிக்கரை அமுக்கு."

அவன் மெஷினை அமுக்க, சுழலும் மரத்தை நான் உப்புத்தாளால் சுற்றிப் பிடித்தேன். உள்ளங்கை சுட்டது. தேய்ப்பது, நிறுத்துவது, வெர்னியரில் அளப்பது. 12.6 வந்ததும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. ஈரம் பட்டால் மரத்தின் நார் சிலிர்த்து எழும். காயவிட்டுத் தேய்த்தால் வழவழவென்று ஆகும். காயவிட எனக்குப் பொறுமை இல்லை. உடனே அளந்தேன். 12.72.

"என்னாடா, ஏறுது?"

"முன்னாடி தப்பா அளந்திருப்பேன்."

உண்மையாகவே அப்படி நம்பினேன். சொரசொரப்பான தாளை மறுபடி எடுத்து, பன்னிரண்டரைக்கு இறக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

அவன் குளித்துவிட்டு வருவதற்குள் மின்விசிறிக் காற்றில் மரம் காய்ந்திருந்தது. தடவிப் பார்த்தான். முகம் மாறியது. வாங்கி அளந்தேன்: 12.38. ஈரத்தில் உப்பியிருந்த மரத்தைத் தேய்த்திருக்கிறேன். இப்போது அது சுருங்கிவிட்டது. நுனியில் இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பூண் மட்டும் சுருங்காமல், படிக்கட்டு போல விரலைத் தடுத்தது.

"இதை வச்சி ஆடுனா ஒவ்வொரு ஷாட்டுக்கும் கையில இடிக்கும்டா."

"பூணை மட்டும் தேச்சு எறக்கிடலாம்."

"ஒடஞ்சிச்சின்னா?"

மரம் மேலும் தேயாதபடி செலோடேப்பால் சுற்றி மூடினேன். தாளை விரல் அகலத்துக்குக் கிழித்தேன். சூடேறினால் பூண் விரிசல் விடும். விரிசல் விட்டால் ஆட்டம் இல்லை.

"மெதுவா அமுக்கு."

"இதுக்கு மேல மெதுவான்னா நின்னுடும்."

"நின்னாலும் பரவால்ல."

மூன்று சுற்று, ஓர் ஊதல், நகத்தால் ஒரு வருடல். மறுபடி மூன்று சுற்று. மணி பதினொன்றைத் தாண்டியது. நகம் இன்னும் தட்டியது.

"ஒடஞ்சா எங்கண்ணன்கிட்ட நீதான் பேசுற," என்றான், மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதற்கடுத்த வருடலில் நகம் தட்டவில்லை. நம்பாமல் கட்டைவிரலாலும் பார்த்தேன்.

அவன் குச்சியை விரல் வளையத்துக்குள் விட்டு ஏழெட்டு முறை ஓட்டினான். "மெல்லிசு. ரொம்ப ஜாஸ்தி மெல்லிசு. ஆனா தடுக்கல."

பேருந்தில் குச்சியை என் பக்கம் வைக்காமல் ஜன்னலோரம் சாய்த்துக்கொண்டான். "பாக்கெட்ல உப்புத்தாள் ஏதும் வச்சிருக்கியா? இருந்தா இப்பவே கீழ போட்டுடு." சிரிக்கலாமா என்று தெரியாமல் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினேன்.

ஆட்டத்தில் அவனுடைய முதல் அடியிலேயே, கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய பந்து மூலைக்குழியின் ஓரத்தில் இடித்து விலகியது. மறுபடி அவன் முறை வந்தபோது விரல் வளையத்தைச் சற்று இறுக்கி, வெறுமனே இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு அடித்தான். விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. நான் நின்ற பக்கம் அவன் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.