தலைகீழாகக் கிடைத்த சூசையப்பர்

மொன்றியலில் இருந்து பாலம் கடந்து போகவேண்டிய லவாலில் வீடு வாங்கிய முதல் குளிர்காலம் முழுக்க நான் யன்னலுக்கு யன்னல் நடந்துகொண்டிருந்தேன். முன் யன்னலில் ஒரு வீதி, அதில் ஒருவரும் இல்லை. பின் யன்னலில் ஒரு வேலி, அதற்கு அங்கால் இன்னொரு வேலி. அயலவர்கள் கராஜுக்குள் காரில் ஏறி, திரும்பி வந்து கராஜுக்குள்ளேயே இறங்கினார்கள். இதற்காகவா இவ்வளவு பாடுபட்டு வீடு வாங்கினோம் என்று சுவரோடு சண்டை பிடித்தேன்.

அதற்கு முதல் மொன்றியலுக்குள்ளேயே, நோத்ர-டாம்-த-கிரேஸில் மூன்றாம் மாடி வாடகை வீடு. குசினிக்குள் ஒருவர் வர மற்றவர் வெளியே போகவேண்டும். ஆனால் படியிறங்கினால் மூலைக்கடை. மெற்றோவுக்கு நடக்கலாம், பூசைக்கு நடக்கலாம், கோபம் வந்தால் எங்கேயாவது நடக்கலாம். கடைசியில் சொன்னதுதான் எனக்கு முக்கியம். எனக்குக் கோபம் அடிக்கடி வரும். ஒரு சுற்று நடந்து வந்தால்தான் நான் மனுசி. லவாலில் கோபித்துக்கொண்டு வெளியே போனால், பஸ் வரும்வரைக்கும் பனிக்குள் நின்று விறைக்க வேண்டும். மூக்கு ஒழுக ஒழுக எவ்வளவு நேரம்தான் கோபமாக இருப்பது?

என் கணவருக்கோ அந்த வீடு உயிர். மன்னாரில் இருந்த வீட்டை விட்டு ஓடி வந்த பிறகு அவர் பேரில் கிடைத்த முதல் கதவு அது. வேலையால் வந்தால் சப்பாத்தைக் கழற்ற முதல் கதவைத் தடவிப் பார்ப்பார். வாங்குவதற்கு முன் அவருடைய சொந்தக்காரர் ஒரு வான் நிறைய வந்து குழாய்களைத் திறந்து பார்த்தார்கள், சுவர்களைத் தட்டிப் பார்த்தார்கள், ஈர வாடை அடிக்கிறதா என்று நிலவறைக்குள் மணந்து பார்த்தார்கள். பஸ் எங்கே நிற்கும் என்று ஒரு சனம் கேட்கவில்லை.

"எனக்குக் கார் ஓடப் பழக்குங்கோ. இல்லாட்டி வீட்டை வித்துப்போட்டுத் திரும்பப் போவம்," என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"பேந்து பாப்பம். இந்தப் பனிக்குள்ள உமக்கேன் கார்? எங்க போகவேணுமெண்டாலும் நான் கொண்டுபோய் விடுறன்தானே."

"நீங்கள் வேலைக்குப் போனாப் பிறகு?"

"பேந்து பாப்பம்."

அவருடைய அந்தப் பேந்து, அந்தப் 'பிறகு', வருவதற்குள் பனியே உருகிவிட்டது. மிளகாய்க் கன்று வைக்கலாம் என்று வீட்டுக்கு முன்னால் மண்ணைக் கிளறினேன். ஏதோ தட்டுப்பட்டது. கல்லாக்கும் என்று பிடித்து இழுத்தால், கையில் இரண்டு சின்னப் பாதங்கள். ஐயோ மாதாவே! உள்ளங்கை நீளச் சிலையாக மாதாவின் கணவர் சூசையப்பர், கையில் லீலி மலரோடு, தலைகீழாக. எந்தப் பாவி இப்படிச் செய்தது என்று உள்ளே ஓடி, இளஞ்சூட்டு நீரில் முகம் கழுவித் துடைத்து, பீடத்தில் மடு மாதாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

கணவர் வந்து பார்த்ததும் முழங்காலில் விழுந்துவிட்டார். எழும்பும்போது அவர் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு.

"பாத்தீரோ? விப்பம் விப்பம் எண்டு நிண்டீர். அவரே தேடி வந்திருக்கிறார். சூசையப்பர் வந்த வீட்டை ஆரும் விப்பினமோ?"

மனுசனோடு வாதாடலாம், மோட்சத்தில் இருக்கிற அர்ச்சியசிட்டவரோடு எப்படி வாதாடுவது?

செய்தி பரவியது. புதன்கிழமை அவருக்குரிய நாள் என்பதால் ஒவ்வொரு புதன் மாலையும் எங்கள் வீட்டில் செபமாலை என்றாகிவிட்டது. மொன்றியலில் இருந்தும் சனம் வந்தது. பழைய காலத்துச் சுவாமிமார் புதைத்துவிட்டுப் போன சுருவமாய் இருக்கவேணும் என்று ஓர் அக்கா கண் கலங்கச் சொன்னா. அடியில் சீனாவில் செய்தது என்று அச்சடித்திருந்ததை நான் பார்த்திருந்தேன். அக்காவின் தட்டில் இன்னொரு ரோல்ஸ் வைத்தேன். வீட்டில் ஆள் சத்தம் கேட்பது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் கடைசிக் காரும் போன பிறகு அந்த வீதியின் அமைதி முன்பைவிட மோசமாக இருந்தது. திரும்பவும் யன்னலுக்கு யன்னல் நடந்தேன்.

இத்தனை கார் ஏன் வருகிறது என்று அறிய, பக்கத்து வீட்டு மதாம் ஒரு பின்னேரம் கேக்கோடு வந்தா. பள்ளிக்கூடத்தால் வந்திருந்த என் மகள்தான் பிரெஞ்சில் கதைத்தாள். மதாம் சூசையப்பரைக் கண்டா, அவரைக் கண்டெடுத்த கதையைக் கேட்டா, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தா.

"அம்மா, வீடு விக்காட்டி இவரை வாசல் மண்ணுக்குள்ள தாட்டு வைக்கிறதாம்," என்றாள் மகள். அவளுக்கும் சிரிப்பு. "தலைகீழா, முகம் றோட்டைப் பாக்க. வித்த உடன கிண்டி எடுத்துக்கொண்டு போகவேணுமாம். முந்தி இருந்தவ மறந்துபோட்டா. கனகாலமா இந்த வீட்டை ஒருத்தரும் வாங்கேல்லையாம். இவரைத் தாட்டாப் பிறகுதானாம் நாங்கள் வந்தனாங்கள்."

எனக்கு முதலில் வெட்கம், அடுத்த கணம் அப்படி ஒரு சந்தோஷம். என் கணவர் வேலையால் வந்து கதவைத் தடவ முதலே போட்டு உடைத்தேன்.

"உங்கட சூசையப்பர் வீட்டைக் காக்க வந்தவர் இல்லை. விக்க வந்த ஆள்!"

முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவர் சாப்பிடாமல் சுருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெத்லகேமில ஒரு அறைகூடக் கிடைக்காமல் அலைஞ்ச மனுசன். அவரைப் பிடிச்சு வீடு விக்க விட்டிருக்கினம்," என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் காலை மாதாவுக்குப் பக்கத்தில் சூசையப்பரைக் காணவில்லை. வெளியே வந்தேன். வேலைக்குப் போகும் உடுப்போடு என் கணவர் மிளகாய்க் கன்றுக்குப் பக்கத்தில் மண்ணில் குந்தியிருந்தார்.

"தாட்டுப்போட்டன். தலைகீழா, றோட்டைப் பாக்கத்தான் வைச்சிருக்கிறன்." அவர் என்னைப் பார்க்கவில்லை. "நீர் நடந்து திரியிற சத்தம் எனக்குக் கேக்கிறேல்லை எண்டு நினைச்சீரோ? வித்துப்போட்டுப் போவம்."

இதைத்தானே இவ்வளவு நாளும் கேட்டேன்? சந்தோஷப்பட வேண்டியவள் நான். அவருடைய நகத்துக்குள் மண்ணைக் கண்டதும் அழுகை வந்தது, அதற்கு மேலால் கோபமும் வந்தது. பக்கத்தில் குந்தி, தாட்ட இடத்தைக் கையாலேயே கிண்டினேன்.

"என்ன செய்யிறீர்?"

"முகம் கழுவிவிட்ட ஆளைத் திரும்பவும் தலைகீழாத் தாட்டுப்போட்டு என்னால நித்திரை கொள்ள ஏலாது. வீடு உங்களுக்கு இருக்கட்டும். கார்த் திறப்பை இஞ்ச தாங்கோ."

இந்த முறை அவர் பேந்து என்று சொல்லவில்லை. காற்சட்டைப் பைக்குள் கையை விட்டுத் திறப்பை எடுத்து, மண்ணோடு என் கையில் வைத்தார்.

பழகி, சோதனையில் ஃபெயிலாகி, திரும்பவும் ஃபெயிலாகி, ஒருவழியாகப் பாஸானேன். லவால் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, பொய் சொல்லமாட்டேன். கோபம் வந்தால் பாலம் கடந்து பழைய வீட்டுத் தெருவில் ஒரு சுற்றுக் கார் ஓடிவிட்டு வருகிறேன். சூசையப்பரைப் புதன்கிழமை செபத்துக்கு மட்டும் வீட்டுக்குள் கூட்டி வருவேன். மற்ற நாளெல்லாம் அவர் என்னோடு காரில், முன் கண்ணாடிக்குக் கீழே. தலை மேலே, முகம் றோட்டைப் பார்க்க.