நாய்ப் படத்துக்கு முப்பத்திரண்டு மார்க்

எங்கள் வீட்டில் எதைக் கண்டாலும் மார்க் போடுவார்கள். பெரியப்பா தலைமை ஆசிரியர், அப்பா கணக்கு வாத்தியார், அம்மா தமிழ் டீச்சர், அப்பாவின் தங்கையான அத்தை தையல் டீச்சர். குழம்புக்கு மார்க் உண்டு, கல்யாணப் பந்திக்கு உண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கும் உண்டு. பிரசங்கத்துக்கு மட்டும் குரலைத் தாழ்த்திப் போடுவார்கள்.

பாளையங்கோட்டையில் எங்கள் சர்ச்சில் கோடை விடுமுறைக்கு வேதாகமப் பள்ளி நடக்கும். அதில் ஒரு கார்ட்டூன் படம் போடலாம் என்று பேச்சு வந்தது. பிள்ளைகள் பார்க்கத் தகுந்ததுதானா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு பெரியப்பாவுக்கு வந்தது. அப்பா வண்ணார்பேட்டையில் சிடி வாங்கி வந்தார். நாய்களைப் பற்றிய பழைய படம், எல்லாம் கையால் வரைந்தது. நான்கு பேரும் நூற்றுக்கு மார்க் போட வேண்டும், சராசரி முப்பத்தைந்து வந்தால் பாஸ். நானோ அதற்குள் என் வகுப்பு முழுக்கப் படம் உண்டு என்று சொல்லி வைத்திருந்தேன். ஃபெயிலானால் என் மானம் கப்பலேறிவிடும்.

ஊரைவிட்டுப் போகும் எஜமான் நாயை வாசலிலேயே விட்டுப் போகிறான். அது நகராமல் காத்துக் கிடக்கிறது, தெருநாய்கள் அதற்குச் சோறு போடுகின்றன. இதுதான் கதை.

படத்தில் ஒருவரும் ஜெபம் பண்ணவில்லை, நாய்கள் மேசைமேல் ஏறித் தின்கின்றன என்று பெரியப்பா இருபது போட்டார். ஒரே ராத்திரியில் ஒரு தெருநாய் மலையைக் கடக்க முடியாது என்று அப்பா முப்பத்தெட்டு. பாட்டு அதிகம், ஆனாலும் கண்ணுக்கு நிறைவு என்று அம்மா ஐம்பது. அத்தை முப்பத்திரண்டு போட்டால் போதும்.

ஆனால் அத்தை பாதிப் படத்தில் எழுந்து அடுப்படிக்குப் போனவள் திரும்பவில்லை. மாமா துபாய் போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. முதல் வருஷத்துக்கு அப்புறம் போனும் இல்லை, கடிதமும் இல்லை. அவர் பேச்சு எடுத்தால் வீட்டில் எல்லாருக்கும் ஏதாவது வேலை வந்துவிடும். எனக்கு அப்போது மாமா பெரிதில்லை, மார்க்தான் பெரிது. மார்க் போட்ட தாளைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

“நீங்க முடிவு பாக்கலேல்லா அத்தே. எஜமான் திரும்பி வந்துருதான்.”

அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அத்தை கத்தியைக் கீழே வைத்தாள். “வந்துட்டானா? எங்க போனேன், ஏன் வரலன்னு சொன்னானா?”

“அதெல்லாம் சொல்லல.”

“நாய் என்ன செஞ்சுது?”

“வால ஆட்டிக்கிட்டே ஓடிப்போயி அவன் கையை நக்குச்சு.”

“கடிக்கலயா?”

நான் சிரித்துவிட்டேன். “எஜமானப் போயி நாய் கடிக்குமா அத்தே?”

அத்தை சிரிக்கவில்லை. “ஏட்டி, பேனாவத் தா” என்றாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தாளைச் சுவரில் வைத்து, சிவப்பு மையில் வட்டமாக ஒரு முட்டை போட்டாள்.

சராசரி இருபத்தேழு. வேதாகமப் பள்ளியில் படம் போடவில்லை. எங்கள் அத்தைக்கு நாய் என்றாலே ஆகாது என்று வகுப்பில் சொல்லிச் சமாளித்தேன். ரொம்ப வருஷம் நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.