இன்ஷிராஹ் வெட்டிய புதுக் கேபிள்

எகிப்தின் மஹல்லா நகரில் ஹாஜி ஷஹாத்தாவின் பூத்தையல் பட்டறைக்கு இன்ஷிராஹ் வந்தபோது அவளுக்கு வயது பதினான்கு. தொங்கும் நூலை நறுக்கும் வேலை. இப்போது நாற்பத்தொன்று; மகன் ரிதாவின் பெயரைச் சேர்த்து எல்லாரும் அவளை உம்மு ரிதா என்பார்கள். பெரிய பூத்தையல் எந்திரமும், அதற்குப் பூக்கோலங்களை அனுப்பும் கிழட்டுக் கணினியும் அவள் பொறுப்பு. இரண்டையும் இணைத்தது கறுப்பு டேப் சுற்றிய ஒரு கேபிள். பதினொரு வருடத்துக்கு முன் மெக்கானிக் அதைப் பற்றவைத்தபோது டார்ச் பிடித்தவள் அவள்தான். இந்தப் பக்கம் அனுப்பும் கம்பி அந்தப் பக்கம் வாங்கும் கம்பியோடு சேர வேண்டும். அவன் கை போன விதம் அவள் கண்ணிலேயே நின்றது.

ரமழானுக்கு முன் பட்டறையைக் கழுவித் துடைப்பார்கள். இந்த வருடம் மேற்பார்வைக்கு வந்தவன் ஹாஜியின் தங்கை மகன் ராமி, இன்ஜினியர். டேப் சுற்றிய கேபிள் அவன் கண்ணை உறுத்தியது. அதைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டு, சந்தையில் பளபளவென்று ஒரு புதுக் கேபிள் வாங்கி மாட்டினான். இரண்டு முனையும் கச்சிதமாக உட்கார்ந்தன. மறுநாள் எந்திரம் அசையவில்லை. காலை முழுக்கத் தட்டிப் பார்த்தான்.

"மாமா, இது செத்துப்போச்சு. பழைய சாமான்காரன வரச் சொல்லுங்க."

"கேபிள்தான் தப்பு," என்றாள் இன்ஷிராஹ், மெதுவாக.

"முனை பொருந்துதுல்ல? அப்புறம் என்ன தப்பு? எந்தக் காலேஜ்ல படிச்ச, உம்மு ரிதா?"

"எங்க காலேஜ்தான்! நூல் நறுக்குற டிபார்ட்மெண்ட்டு," என்றாள் பக்கத்து மேசை ஸகிய்யா. எல்லாரும் சிரித்தார்கள். ஹாஜியும் சிரித்தார்.

"கோவிச்சுக்காதம்மா. எந்திரம் போனா நீயும் வீட்டுல நிம்மதியா இரு. இருபத்தேழு வருசம் உழைச்சது போதும்."

அவளுக்குக் காது மடல் எரிந்தது. நிம்மதியாம்! வாசலில் பழைய சாமான்காரனின் கழுதை வண்டி வந்து நின்றது; ஹாஜி விலை பேச வெளியே போனார். இரண்டு பேர் உள்ளே வந்து எந்திரத்தின் அடிப்போல்ட்டைக் கழற்றத் தொடங்கினார்கள்.

அவள் யாரையும் கேட்கவில்லை. நூல் நறுக்கும் கத்தரியால் புதுக் கேபிளை நடுவில் ஒரே வெட்டு.

"அய்யோ, என் கேபிள்!" என்று ராமி கத்தினான்.

டார்ச் பல்பு, பேட்டரி, இரண்டு ஊசி. எந்த நிறக் கம்பி எந்த முனைக்குப் போகிறது என்று பார்த்தாள்; எல்லாம் நேர்நேராகவே போயின. ஒன்பது கம்பியில் மூன்றே போதும். இரண்டை ஒன்றுக்கொன்று மாற்றி முறுக்கினாள். மூன்றாவதை நேராகச் சேர்த்து டேப் சுற்றி, கணினியிலிருந்து ஒரு பூக்கோலத்தை அனுப்பினாள். மூன்று போல்ட் கழன்றிருந்தபோது எந்திரம் சிலிர்த்து, அதில் மாட்டியிருந்த விரிப்பின் ஓரத்தில் முதல் பூவைத் தைத்தது.

"போல்ட்ட திரும்பப் போடுங்கப்பா," என்று சாமான்காரர்களிடம் சொல்லிக்கொண்டே உள்ளே வந்த ஹாஜி மருமகனின் தோளைத் தட்டினார். "உன் கைக்கு அல்லாஹ் பரக்கத் தரட்டும், இன்ஜினியர்."

ராமி மறுக்கவில்லை.

"எந்த ரெண்டு கம்பிய மாத்தினீங்க, இன்ஜினியர்?" என்றாள் இன்ஷிராஹ். அவள் குரல் பட்டறைக் கோடிவரை கேட்டது அதுதான் முதல் முறை. "சொல்லுங்க. ஹாஜி கேக்கட்டும்."

அவன் கேபிளைப் பார்த்தான். பிறகு செருப்பைப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

"சரி விடும்மா, நீதான்... வேலையப் பாரு," என்றார் ஹாஜி.

பார்த்தாள். நூல் அறுந்தபோது ஊசியில் கோக்க மூன்று முறை ஆயிற்று. ஸகிய்யா தன் தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். இன்ஷிராஹ் அதைத் தொடவில்லை.